தொற்றுநோய்க் காலத்துக் கட்டுப்பாடுகள்: அரசு எதைக் கேட்கலாம், எதைத் தர வேண்டும்?

தொற்றுநோய் பரவும்போது தனிமனிதரின் சுதந்திரத்தை அரசு எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும், கட்டுப்பட மறுப்பவரை என்ன செய்வது என்பது கேள்வி. இதைப் பெரும்பாலும் ஒரு தராசாகவே மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். ஒரு தட்டில் ஒருவரின் சுதந்திரம், மறு தட்டில் பலரின் உயிர். அப்படி வைத்த கணமே தீர்ப்பும் முடிந்துவிடுகிறது. உயிருக்கு எதிரே வைக்கப்படும் எதுவும் இலேசாகத்தான் தெரியும். ஆகவே நிறுக்கத் தொடங்கும் முன்பே இரண்டைக் கேட்டறிய வேண்டும் என்பேன். இந்த நோய் எப்படி, எப்போது, யாரிடமிருந்து யாருக்குப் பரவுகிறது என்பது முதலாவது. கட்டுப்படுத்தப்படுகிறவருக்கு அதற்கு ஈடாக என்ன தரப்படுகிறது என்பது இரண்டாவது. வரலாற்றில் நடந்த பெரிய தவறுகள் பலவும் இந்த இரண்டில் ஒன்றைக் கேட்காமல் விட்டதால் நேர்ந்தவையே.

முதல் கேள்வியின் கனத்தைப் புரிந்துகொள்ள 2003-இல் பரவிய சார்ஸ் நோயையும் 2020-இன் கொரோனாவையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்களால் வருபவை. ஆனால் சார்ஸ் நோயாளி காய்ச்சல் தொடங்கும் முன் மற்றவருக்கு நோயைக் கொடுப்பது அரிது; அவரிடமிருந்து தொற்று அதிகமாக வெளிப்படுவது நோயின் இரண்டாவது வாரத்தில், அதாவது அவர் பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கும் நாட்களில். அதனால் காய்ச்சல் உள்ளவரைக் கண்டுபிடித்துப் பிரித்து வைப்பதையே முதன்மையான ஆயுதமாகக் கொண்டு அந்நோயை அடக்க முடிந்தது; ஏறத்தாழ 8,000 பேருக்குத் தொற்றியதோடு, 2003 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் பரவல் நின்றதாக அறிவித்தது. கொரோனாவோ அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவக்கூடியது. அறிகுறியே இல்லாதவரிடமிருந்தும் பரவக்கூடியது. முன்னதற்குப் போதுமாக இருந்த கட்டுப்பாடு பின்னதற்குப் போதாமல் போனதற்குக் காரணம் அரசுகளின் குணமாற்றம் மட்டுமல்ல, நோயின் இயல்பும்தான். எபோலா அறிகுறி தோன்றும் முன் பரவுவதில்லை. ஆகவே நலமாக இருக்கும் ஒருவரை, எபோலா உள்ள நாட்டிலிருந்து வந்தார் என்பதற்காக மட்டும் அடைத்து வைப்பதற்கு மருத்துவ நியாயம் கிடையாது. அன்றாடம் உடல்வெப்பத்தைப் பார்த்து வந்தாலே போதும். தட்டம்மையோ நோயாளி வெளியேறிய பின்னும் இரண்டு மணி நேரம் வரை அறையின் காற்றில் தங்கியிருக்கும். நோய் எதிர்ப்பு இல்லாத சமூகத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரே அளவுகோலை நீட்டுவது இயலாத காரியம்.

இங்கே சொல் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நாம் 'தனிமைப்படுத்தல்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறுபட்ட செயல்களுக்குப் பயன்படுத்துகிறோம். நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஒன்று. நோய் தொற்றியிருக்கக்கூடும் என்ற ஐயத்தில் நலமாக இருப்பவரைத் தள்ளி வைப்பது மற்றொன்று. இரண்டாவது மிகப் பழையது. 1377-இல், இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா துறைமுகம், கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வந்தவர்களை நகருக்குள் விடாமல் 30 நாள் வெளியே நிறுத்தியது. பின்னாளில் அது 40 நாளாக வளர்ந்தது. வெனிஸ் 1468-இல் ஒரு தீவில் இதற்கென்றே நிலையான மனை அமைத்தது. இந்த இரண்டாவது வகையில் அடைக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இறுதிவரை நோயே வராதவர்களாக இருப்பார்கள். தாங்கள் செய்யாத குற்றத்துக்காக, தங்களுக்கு இல்லாத நோய்க்காக, பிறர் நலம் கருதி அவர்கள் நாட்களை இழக்கிறார்கள். அவர்களுக்கு அரசு பட்டிருக்கும் கடன் நோயாளிக்குப் பட்டிருப்பதைவிட ஒரு விதத்தில் பெரியது. ஒரே சொல்லால் இரண்டையும் அழைக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

சுதந்திரத்தின் எல்லையைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதிய கொள்கையை நினைவுகூர்வார்கள்: ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வற்புறுத்துவதற்கு உள்ள ஒரே நியாயம், அவர் பிறருக்கு இழைக்கும் தீங்கைத் தடுப்பதே. நல்ல கொள்கைதான். ஆயினும் தொற்றுநோயில் அது எளிதில் கைகொடுப்பதில்லை. ஏனெனில் இங்கே தீங்கு செய்பவருக்குத் தாம் தீங்கு செய்கிறோம் என்பதே தெரியாமலிருக்கலாம், பல வேளைகளில் தெரிந்துகொள்ள வழியும் இருக்காது.

நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த அயர்லாந்துப் பெண் மேரி மலான் இதற்குத் தெளிவான சான்று. அவர் டைபாய்டு கிருமியைச் சுமந்திருந்தார். ஆனால் நோய்வாய்ப்பட்டவராகத் தம்மை ஒருபோதும் உணரவில்லை. 1907-இல் அவரைப் பிடித்து நார்த் பிரதர் தீவில் தனியே வைத்தார்கள். தம் உடலில் ஒரு குறையும் இல்லை என்று உறுதியாக நம்பிய அவர் விடுதலை கேட்டு நீதிமன்றம் சென்றும் பயனில்லை. இனிச் சமைக்க மாட்டேன் என்ற உறுதிமொழியின் பேரில் 1910-இல் விடுவிக்கப்பட்டார். அவருக்குக் கிடைத்த துணி வெளுக்கும் வேலை சமையலுக்குக் கிடைத்த ஊதியத்தைத் தரவில்லை. 1915-இல், வேறொரு பெயரில், ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சமையலறையில் அவர் கண்டுபிடிக்கப்பட்டார். அங்கே இருபதுக்கும் மேற்பட்டோர் டைபாய்டுக்கு ஆளாகியிருந்தார்கள். மீண்டும் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1938-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். இரண்டு முறையும் சேர்த்து ஏறத்தாழ 26 ஆண்டுகள்.

மேரி மலான் செய்தது சரி என்று நான் வாதிட மாட்டேன். மகப்பேறு மனையில் நோயுற்றவர்களும் மனிதர்களே. ஆனால் அதே காலத்தில் அதே நகரில் இவரைப் போலக் கிருமியைச் சுமந்த பலர் கண்டறியப்பட்டும் இப்படி ஆயுள் முழுதும் அடைக்கப்படவில்லை. குடும்பமற்ற, புலம்பெயர்ந்து வந்த, அதிகாரிகளிடம் பணிந்து பேசாத ஓர் ஏழைப் பெண்ணுக்கே அது வாய்த்தது. வேலை ஒன்றைத்தான் அவரிடமிருந்து பறிக்க வேண்டியிருந்தது. அதை ஈடுசெய்யும் அளவுக்கு ஒரு பிழைப்பை 1910-இல் கொடுத்திருந்தால் 1915 நேராமலே போயிருக்கக்கூடும். சமையலை விடு என்று சொன்னவர்கள், சமையலை விட்டபின் எப்படி வாழ்வாய் என்ற கேள்விக்குப் போதுமான விடை தரவில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்வி இதுதான்.

சட்டத்தின் பாதையிலும் இதே தடுமாற்றம் தெரிகிறது. 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரியம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள மறுத்த ஜேகப்சன் என்ற போதகருக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விதிக்கப்பட்ட 5 டாலர் அபராதம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பொதுநலக் கட்டுப்பாடுகளுக்கு அடித்தளமாக இன்றும் காட்டப்படும் தீர்ப்பு இது. அதில் கவனிக்க வேண்டியது அந்த அபராதத்தின் அளவு. யாரும் அவரைப் பிடித்து வைத்து ஊசி ஏற்றவில்லை. ஆனால் 1927-இல் அதே நீதிமன்றம், மனவளர்ச்சி குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தபோது, கட்டாயத் தடுப்பூசியைத் தாங்கும் கொள்கை இதையும் தாங்கும் என்று ஜேகப்சன் தீர்ப்பையே துணைக்கு அழைத்தது. பெரியம்மை எங்கே, கருப்பை எங்கே? ஒரு நோயின் நெருக்கடிக்காக வகுக்கப்பட்ட விலக்கு, அந்த நோயிலிருந்து கழற்றப்பட்டுப் பொதுக்கொள்கையாகிவிட்டால் அது போய்ச் சேரும் இடம் இவ்வளவு தொலைவில் இருக்கும். இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் முந்தைய ஒன்றை நான் பெரிதும் மதிக்கிறேன். 1900-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் ஐயம் எழுந்தபோது, சீனர்கள் வாழ்ந்த பகுதியைச் சுற்றி எல்லை வரைந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளே அடைத்தார்கள். அந்த எல்லைக்கோடு சீனர் அல்லாதோரின் கடைகளை வளைந்து விட்டுச் சென்றது. கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. பாகுபாடு என்பது ஒரு காரணம். நோய் உள்ள வீடுகளைத் தனியே பிரிக்காமல் எல்லோரையும் ஒரே வளையத்துக்குள் அடைப்பது நோயை உள்ளே மேலும் பரப்பும் என்பது மற்றொரு காரணம். மருத்துவத்தையும் நீதியையும் சேர்த்தே பார்த்த தீர்ப்பு அது.

இன்று உலக அளவில் ஏற்கப்பட்டுள்ள வரையறை இந்த அனுபவங்களிலிருந்து திரண்டது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான 1966-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, நடமாடும் உரிமையைப் பொதுநலன் கருதிக் கட்டுப்படுத்த இடம் தருகிறது. சித்திரவதையிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை போன்ற சிலவற்றை எந்த நெருக்கடியிலும் தொடக்கூடாது என்கிறது. 1984-இல் சிசிலித் தீவின் சிராகுசாவில் கூடிய சட்ட அறிஞர்கள் அதை விளக்கி வகுத்த நெறிகளின் சாரம் இது: கட்டுப்பாடு சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், உண்மையான நோக்கம் ஒன்று இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவைப்படும் அளவை மீறக்கூடாது, அதைவிடக் குறைவான தலையீடு போதுமென்றால் அதையே எடுக்க வேண்டும், தன்னிச்சையாகவோ பாகுபாடாகவோ அமையக்கூடாது, பாதிக்கப்பட்டவர் எதிர்த்து முறையிட வழி வேண்டும். படிக்க எளிமையாக இருக்கும் இந்த நெறிகள் அவசர காலத்தில் ஒவ்வொன்றாகக் கைநழுவுவதைத்தான் கண்டுவந்திருக்கிறோம்.

'சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்' என்பதை வெறும் சடங்கு என்று எண்ணுவோர் உண்டு. 2020-இல் நியூசிலாந்தில் விதிக்கப்பட்ட பொது முடக்கம் உலகெங்கும் பாராட்டப்பட்டது. அந்நாட்டு உயர் நீதிமன்றமும் அது தேவையானது, பொருத்தமானது என்றே கண்டது. ஆனால் முதல் ஒன்பது நாட்கள் மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்ன அறிவிப்புக்கு அப்போது சட்டத்தின் பின்புலம் இல்லை. அந்த ஒன்பது நாள் மட்டும் சட்டத்துக்குப் புறம்பானது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நல்ல நோக்கம், நல்ல விளைவு, மக்களின் ஆதரவு ஆகிய மூன்றும் இருந்தும் ஒரு நீதிமன்றம் இதைச் சொல்லத் துணிந்ததும், அரசு அதைக் கேட்டுக்கொண்டதும்தான் அந்நாட்டு மக்கள் தங்கள் அரசை நம்பியதற்கு அடிப்படை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டு ஜூலை 4 அன்று, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஒன்பது அரசுக் குடியிருப்புக் கோபுரங்கள் முன்னறிவிப்பின்றி மூடப்பட்டன. ஏறத்தாழ 3,000 பேர் உள்ளே அடைபட்டார்கள். பலர் புலம்பெயர்ந்தோரும் அகதிகளாக வந்தோரும். காவலர்கள் வாசலில் நின்றார்கள். உணவும் மருந்தும் பலருக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. பின்னர் இதை விசாரித்த மாநில முறைமன்ற நடுவர் (அரசுத் துறைகள் மீதான புகார்களை ஆராய்பவர்), தற்காலிகமாக மூடியதற்கு மருத்துவக் காரணம் இருந்ததை ஏற்றுக்கொண்டார். ஆனால் உடனடியாக, ஒருவருக்கும் சொல்லாமல் மூட வேண்டும் என்ற முடிவு மருத்துவ அறிவுரையிலிருந்து வரவில்லை என்றும், அந்த அவசரம் மக்களின் மனித உரிமையை மீறியது என்றும் கண்டறிந்தார். ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்திருந்தால் மருந்தும் உணவும் வாங்கி வைத்திருப்பார்கள். மொழிபெயர்ப்பாளர்களை ஏற்பாடு செய்திருக்கலாம். பொதுநலக் காரணத்தால் எடுக்கப்பட்ட ஒரு முடிவின் உள்ளே, பொதுநலத்தோடு தொடர்பில்லாத இன்னொரு முடிவு ஒளிந்திருக்க முடியும் என்பதை இந்த நிகழ்வு கற்றுத்தருகிறது. ஆணையை மொத்தமாக ஏற்பதோ மறுப்பதோ போதாது. அதன் ஒவ்வொரு கூறையும் பிரித்து, இது எதற்கு என்று கேட்க வேண்டும்.

சுமை யார் தலையில் இறங்குகிறது என்ற கேள்விக்கு 2020 மார்ச் மாத இந்தியாவைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. நான்கு மணி நேர அறிவிப்பில் நாடு முழுவதும் முடங்கியது. மாதச் சம்பளமும் சொந்த வீடும் உள்ளவருக்கு வீட்டிலிரு என்பது ஓர் அறிவுரை. அன்றாடக் கூலியை நம்பி, வேலையிடத்திலேயே படுத்துறங்கிய புலம்பெயர் தொழிலாளிக்கு அது வேலையும் கூரையும் ஒரே நாளில் போவது. அவர்கள் நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தார்கள். கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒன்றுபோல் எழுதப்பட்டிருந்தது. எழுத்தில் பாகுபாடு இல்லை; விளைவில் இருந்தது. 2014 ஆகஸ்டில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில், வெஸ்ட் பாயின்ட் என்ற நெருக்கமான குடிசைப் பகுதியை எபோலாவுக்காக முள்வேலியிட்டு மூடியபோதும் இப்படித்தான் நேர்ந்தது. உணவு விலை ஏறியது, மக்கள் கொந்தளித்தார்கள், துப்பாக்கிச்சூட்டில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். ஏறத்தாழ பத்து நாளில் அரசே வேலியை அகற்றியது. லைபீரியாவில் எபோலா பின்னர் தணிந்ததற்கு வேலி காரணமில்லை. தத்தம் பகுதியில் நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்து, பாதுகாப்பான அடக்கத்துக்கு ஒத்துழைத்த உள்ளூர் மக்களே பெருங்காரணம்.

இதற்கு நேர்மாறான ஒரு பழைய நிகழ்வு உண்டு. 1666-இல் இங்கிலாந்தின் ஈம் என்ற சிற்றூரில் பிளேக் தீவிரமானபோது, நோய் அக்கம்பக்கத்துக்குப் போகாதிருக்க ஊராரே தங்கள் எல்லையைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்தார்கள். அண்டை ஊர்க்காரர்கள் எல்லைக் கல்லருகே உணவு கொண்டுவந்து வைத்தார்கள். ஈம் மக்கள் அதற்குரிய நாணயங்களைக் காடி ஊற்றிய குழிகளில் இட்டுச் சென்றார்கள். ஊரில் மிகப் பலர் மாண்டார்கள். இதை ஒரு வீரக் கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த உணவு வந்துகொண்டிருந்ததால்தான் அந்த முடிவு நிலைத்தது.

தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா என்பதில்தான் இன்று சூடு அதிகம். என் விடை, ஊசி எதைத் தடுக்கிறது என்பதைப் பொறுத்தது. தட்டம்மை ஊசி போட்டுக்கொண்டவரையும் காக்கிறது, அவர் வழியாகப் பிறருக்குப் பரவுவதையும் பெருமளவு தடுக்கிறது. ஊசி போட முடியாத கைக்குழந்தையைக் காக்கச் சுற்றியிருப்போரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் எதிர்ப்பாற்றல் பெற்றிருக்க வேண்டும். இங்கே பள்ளிச் சேர்க்கைக்கு ஊசியை நிபந்தனையாக்குவது நியாயமானது. செக் குடியரசில் அத்தகைய நிபந்தனையை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021-இல் ஏற்றுக்கொண்டது. அங்கும் மறுத்தோருக்கு அபராதமும் முன்பள்ளி மறுப்பும்தான், வலிந்து ஊசி ஏற்றுதல் இல்லை. மாறாக, நோயின் கடுமையைக் குறைத்து உயிரைக் காத்தாலும் பரவலை அவ்வளவாகத் தடுக்காத ஊசி என்றால், மறுப்பவரால் பிறருக்கு வரும் கூடுதல் ஆபத்து சிறியதாகிவிடுகிறது. கட்டாயத்தின் நியாயமும் அதே அளவுக்குச் சுருங்குகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் கொரோனா ஊசி வழக்கில் இந்தத் தர்க்கத்தைத்தான் பின்பற்றியது. யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. சமூகத்தின் நலனுக்காக அளவான நிபந்தனைகளை அரசு விதிக்கலாம். ஆனால் போட்டுக்கொள்ளாதவரால் பரவும் ஆபத்து போட்டுக்கொண்டவரால் பரவுவதைவிட அதிகம் எனக் காட்டும் தரவு முன்வைக்கப்படாததால் அப்போதிருந்த தடைகள் பொருத்தமானவை அல்ல என்றது. ஊசியைத் தாராளமாகப் பரிந்துரைக்கும் என் போன்றோரும் இந்தத் தீர்ப்பை வரவேற்க வேண்டும். கட்டாயம் வேண்டுவோர் தரவைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை தடுப்பூசிக்குப் பகையன்று. இங்கிலாந்து 1853 முதல் பெரியம்மை ஊசியைக் கட்டாயமாக்கி, மறுத்த ஏழைப் பெற்றோரைத் திரும்பத் திரும்பத் தண்டித்து, எதிர்ப்பு இயக்கத்தைத் தானே வளர்த்துவிட்டு, இறுதியில் 1898-இல் மனச்சான்றின் பேரில் விலக்குக் கோர இடம் தந்தது.

திரட்டப்படும் தகவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிங்கப்பூரில் கொரோனாத் தொடர்பைத் தேடுவதற்கு மட்டுமே என்று சொல்லி அறிமுகப்படுத்தப்பட்ட செயலியின் தரவைக் குற்ற விசாரணைக்கும் காவல்துறை பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் வெளியானது. மக்களின் அதிருப்திக்குப் பிறகு, அடுத்த மாதமே சில கடுங்குற்றங்களுக்கு மட்டும் அதை வரையறுத்துச் சட்டம் இயற்றினார்கள். சட்டத்தை முதலில் இயற்றியிருக்க வேண்டும்.

அறிவியல் ஆதாரமே இல்லாத கட்டுப்பாடு எப்படியிருக்கும் என்பதைத் தமிழ் பேசும் நாம் அருகிலிருந்து பார்த்தோம். கொரோனாவில் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் மாசுபடும் என்று காரணம் காட்டி, இலங்கை அரசு 2020-இல் எல்லா உடல்களையும் எரிக்க ஆணையிட்டது. முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் சமயம் அனுமதிக்காத ஒன்றைக் கண்முன்னே காண நேர்ந்தது. பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையின் உடலும் பெற்றோர் இசையாமலே எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அந்த விதி திரும்பப் பெறப்பட்டது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது சடலத்தைத் தொடுவதால் தொற்று உண்மையாகவே பரவியது. அப்படியிருந்தும் அங்கே சமயத் தலைவர்களோடு அமர்ந்து பேசி, பாதுகாப்பும் கண்ணியமும் சேர்ந்த அடக்க முறையை வகுத்தார்கள். ஆபத்து மிகுந்த இடத்தில் முடிந்த இணக்கம், ஆபத்து நிறுவப்படாத இடத்தில் முடியாமல் போனது.

இனி, கட்டுப்பட மறுப்பவரை என்ன செய்வது? எல்லா வழிகளும் தீர்ந்தபின் தடுத்து வைப்பது நியாயமாகும் நிலைமைகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயைச் சுமந்து, சிகிச்சையையும் மறுத்து, மக்கள் நெருங்கிய இடங்களில் ஒருவர் உலவினால் அருகில் உட்காருபவருக்கும் உயிர் வாழும் உரிமை உண்டு. ஆனால் 'எல்லா வழிகளும்' என்பதற்கு உண்மையான பொருள் இருக்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவரை ஸ்வீடன் அடைத்து வைத்த வழக்கில், குறைவான தலையீடுகள் போதுமா என்று பார்க்காமலே அதைச் செய்தது உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005-இல் கூறியது. நியூயார்க் நகரம் 1990-களின் தொடக்கத்தில் காசநோயை எதிர்கொண்ட விதத்தை இங்கே எடுத்துக்காட்டலாம். சிகிச்சையை முடிக்காதவரைத் தடுத்து வைக்க 1993-இல் விதி திருத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன்படியாக, சுகாதாரப் பணியாளர் நோயாளி இருக்கும் இடத்துக்கே சென்று கண்முன்னே மாத்திரை கொடுத்தார். பயணச் செலவும் உணவும் தரப்பட்டன. வீடற்றவர்களுக்கும் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் தனி உதவி கிடைத்தது. அதன் பிறகும் மறுத்தவருக்கு மட்டுமே ஆணை. அந்த ஆணையை எதிர்த்து நீதிமன்றம் செல்லவும் வழக்கறிஞரைப் பெறவும் அவருக்கு உரிமை. ஆயிரக்கணக்கான நோயாளிகளில் மிகச் சிலரையே இறுதியில் தடுத்து வைக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் மறுத்துக்கொண்டிருந்தது சிகிச்சையை அன்று. மருந்தை வாங்கப் போவதற்குப் பேருந்துக் காசு இல்லாமலும், படுக்க இடமில்லாமலும் இருந்தார்கள்.